மாமாவின் தே.எஸ். காரும் என் பேரேடும்

1980களில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை நடை போனவர்கள் சிலருக்காவது அந்தக் காரை நினைவிருக்கும். மூக்கு நீண்டு சரிந்திருக்கும். பின்சக்கரம் பாதிக்கு மேல் தகட்டுக்குள் மறைந்திருக்கும். பெரிய மீன் ஒன்று தரையில் வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். வெளிர் சாம்பல் நிறம், கூரை மட்டும் வெள்ளை. நிறுத்திவிட்டு இறங்கிப் போனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையோடு படுத்துக்கொள்ளும். சுண்டல் விற்கும் பையன்கள் "காரு தூங்குது" என்று சொல்லி அதைச் சுற்றி நிற்பார்கள். அவர்கள் காத்திருப்பது அது எழுந்திருப்பதைப் பார்க்கத்தான். ஸ்டார்ட் செய்ததும் முதலில் பின்பக்கம் எழும், பிறகு முன்பக்கம் எழும், அதன்பிறகுதான் கிளம்பும்.

அது என் தாய்மாமாவின் சித்ரோயன் தே.எஸ். 21. 1970ஆம் வருஷத்து வண்டி. அதோடு எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் பழக்கம். நான் அதை ஓட்டியவன் அல்ல, ஸ்பானர் பிடித்தவனும் அல்ல. அந்தக் காருக்கு நான் வாசகன், கணக்குப்பிள்ளை. அது எப்படி என்று சொல்கிறேன்.

மாமா 1919இல் பிறந்தவர். நம் ஊர்க்காரர்கள் பலரைப் போல இளவயதிலேயே சைகோனுக்குப் போய் பிரெஞ்சு நிர்வாகத்தில் வேலை பார்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவை விட்டுக் கிளம்பியபோது அவரும் பாரீஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று 1977இல் ஊர் திரும்பினார். பட்டாளத்தில் ஒரு நாள் கூட இருந்ததில்லை. ஆனாலும் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் தெருவில் எல்லாரும் "சொல்தா வீடு" என்றுதான் சொல்வார்கள். குருசுக்குப்பத்தில் வீடு. கப்பலில் வந்த சாமான்களில் ஒரு தையல் இயந்திரம், இரண்டு பெட்டி புத்தகம், இந்தக் கார். காருக்குக் கட்டிய சுங்க வரி எவ்வளவு என்று மாமா கடைசி வரைக்கும் அத்தையிடம் சொல்லவில்லை.

இத்தனை பெரிய கார் தபால் இலாகா ஊழியருக்கு எப்படி என்று கேட்கலாம். 1973இல் வந்த எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் குடிக்கும் பெரிய வண்டிகளை வைத்திருந்தவர்கள் விற்கத் துடித்தார்கள். 1975இல் தே.எஸ். தயாரிப்பும் நின்றது. அந்தச் சமயத்தில் மாமா பழைய விலைக்கு வாங்கினார். 1955 அக்டோபரில் பாரீஸ் கண்காட்சியில் அந்தக் காரை முதன்முதலாகக் காட்டியபோது ஒரே நாளில் சுமார் 12,000 பேர் முன்பதிவு செய்தார்களாம். பிரெஞ்சில் 'தே', 'எஸ்' என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்துச் சொன்னால் 'தெயெஸ்' என்று வரும். அதற்குப் பெண் தெய்வம் என்று பொருள். மாமா அப்படித்தான் கூப்பிடுவார்.

அவருக்கு அதில் இன்னொரு பெருமையும் உண்டு. 1962 ஆகஸ்ட் 22ஆம் தேதி பாரீசுக்கு வெளியே பெத்தி க்ளமார் என்ற இடத்தில் ஜெனரல் தெ கோலைச் சுட்டுக் கொல்ல முயன்றார்கள். அவர் போனது ஒரு தே.எஸ். காரில்தான். டயரில் குண்டு பட்ட பிறகும் அது நிற்காமல் ஓடி அவரைக் காப்பாற்றியது. அதற்குச் சரியாக ஆறு நாள் முன்பு, ஆகஸ்ட் 16ஆம் தேதி, நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இந்த இரண்டு தேதிகளையும் மாமா ஒரே மூச்சில்தான் சொல்வார். "ஜெனரல் நம்மள கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு ஆறே நாள்ல சாகப் பார்த்தாரு, மருமவனே!"

இனி அந்தக் காரின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

மற்ற கார்களில் சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங் இருக்கும், பட்டை இருக்கும். தே.எஸ்.சில் இரண்டும் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் சின்னத் தேங்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை உண்டு. உருண்டைக்குள் நடுவில் ஒரு ரப்பர் தோல். தோலுக்கு ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது எண்ணெய் வாயுவை அழுத்தும், வாயு திருப்பித் தள்ளும். அந்த வாயுதான் ஸ்பிரிங். இதை வடிவமைத்தவர் போல் மஜேஸ் என்ற பொறியாளர். இன்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்த ஒரு பம்பு எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பிக்கொண்டே இருக்கும். சாதாரண டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார். இந்தக் குழாய்களில் ஓடும் எண்ணெயின் அழுத்தம் சுமார் 170 பார்.

அதே எண்ணெய்தான் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவுகிறது, பிரேக்கைப் பிடிக்கிறது, மாமாவின் வண்டியில் கியரையும் மாற்றுகிறது. கிளட்ச் மிதிக்கவே வேண்டாம், மிதியும் கிடையாது. பிரேக் மிதியும் நாம் பார்த்த மாதிரி இருக்காது. தரையில் காளான் மாதிரி ஒரு ரப்பர் குமிழ், அவ்வளவுதான். ஆக ஒரே எண்ணெய், ஒரே பம்பு, அத்தனை வேலை. எண்ணெய் நன்றாக இருந்தால் ராஜ வாகனம். எண்ணெய் கெட்டால் எல்லாம் சேர்ந்து கெடும்.

1986இல் அப்படித்தான் கெட்டது.

மாமா மெட்ராசுக்குப் போகும் வழியில் ஒரு பட்டறையில் வண்டியை நிறுத்தினார். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அங்கிருந்த ஆள் தொட்டியில் எண்ணெய் குறைந்திருப்பதைப் பார்த்து, உபகாரமாக நினைத்து, சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டான். அந்த வண்டிக்கு வேண்டியது 'எல் ஆஷ் எம்' என்று பெயரிட்ட பச்சை நிறத் தாது எண்ணெய். 1966 வரைக்கும் தே.எஸ்.களுக்கு வேறு வகை எண்ணெய். அதற்குப் பிறகு பச்சைக்கு மாறினார்கள். மாறிய வண்டிகளில் அந்த எண்ணெய் ஓடும் பாகங்களுக்குப் பச்சைச் சாயம் அடித்திருப்பார்கள். இரண்டுக்கும் ரப்பர் வேறு. ஒன்றுக்கான எண்ணெய் மற்றதன் ரப்பரில் பட்டால் ரப்பர் உப்பி, கூழாகி, வழிவிட்டுவிடும். பிரேக் ஆயிலும் அதைத்தான் செய்யும்.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தாலும் நிறுத்துவதற்கு மட்டும் போதுமான அழுத்தத்தை ஒரு தனி உருண்டை சேமித்து வைத்திருக்கும். மாமா அதைத் தெரிந்தவர். உடனே ஓரம் கட்டினார். வண்டி அங்கேயே வயிறு தரையில் படியப் படுத்துவிட்டது. கயிறு கட்டி இழுக்க முடியாது, பிரேக் கிடையாது. லாரியில் ஏற்றித்தான் ஊருக்குக் கொண்டு வந்தார்கள்.

முத்தியால்பேட்டையில் ஒரு பாய் பட்டறை வைத்திருந்தார். டிராக்டர், விசைப்படகு இன்ஜின், அம்பாசடர் எல்லாம் பார்ப்பார். டிராக்டர் ஹைட்ராலிக் தெரிந்த கை. அவர் மாமாவின் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முசே, இரும்பு எனக்குப் புரியுது. புஸ்தகம் புரியல. யாராவது படிச்சிச் சொன்னா நான் பாத்துக்கறேன்" என்றார். மாமாவிடம் காரோடு வந்த பழுதுபார்ப்பு நூல் இருந்தது. அவருக்கு அப்போதே கண் சிரமம், பொடி எழுத்து படிக்க மாட்டார். "நம்ம மருமவன் இருக்கானே" என்று என்னை அனுப்பினார்.

நான் கலவைக் கல்லூரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ப்ரெவே முடித்து அரசாங்கத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்தேன். பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் பிரெஞ்சிலிருந்து பெயர்த்து எழுதும் வேலையும் என் மேஜைக்கு வரும். ஆனால் பள்ளிக்கூடம் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு பிரெஞ்சு. லா ஃபோந்தேன் கதைகளில் காக்கை வரும், நரி வரும், பாலாடைக்கட்டி வரும். ஓ-ரிங் வராது.

இந்த நூலில் பக்கத்துக்குப் பக்கம் 'தெபோசே', 'ரெபோசே' என்று இருந்தது. பள்ளிக்கூடப் பொருளில் முதலாவது 'கீழே வை', இரண்டாவது 'ஓய்வு கொடு'. மெக்கானிக்குக்கு ஓய்வு எதற்கு? வீட்டிலிருந்து லரூஸ் அகராதியைக் கொண்டுபோய்ப் பார்த்தபிறகுதான் வாய் திறந்தேன். பட்டறையில் அதற்குக் 'கழற்று', 'திரும்ப மாட்டு' என்று பொருள். 'ஃபுய்த்' என்ற சொல்லும் அப்படி. தப்பி ஓடுவதற்கும் அதே சொல், எண்ணெய் கசிவதற்கும் அதே சொல். பாய்க்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் "லீக்கு" என்று சொல்வதில்லை. "சார், இந்த மூலைல ஒருத்தன் தப்பி ஓடறான்" என்பார்.

பதிவேடு பெயர்ப்பவனுக்கு ஒரு விதி உண்டு. இருப்பதைப் பெயர்க்க வேண்டும், ஊகத்தைச் சேர்க்கக்கூடாது, தலைப்பிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும். நான் பட்டறையிலும் அப்படியே படித்தேன். எண்ணெய்ச் சுற்று பற்றிய பகுதியைத் தொடங்கிய அன்று, பாயின் உதவியாளன், பதினாறு வயதுப் பையன், ஒரு குழாயின் நட்டைத் திருகிக்கொண்டிருந்தான். முதல் நாள்தான் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தார்கள். பகுதியின் தலையில் தடித்த எழுத்தில் ஒரு வரி. எந்தக் குழாயைத் தொடுவதற்கு முன்பும் அழுத்தத்தை வெளியேற்றும் திருகைத் தளர்த்து என்று. நான் படித்து முடித்ததும் பாய் பேசவே இல்லை. பையனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். அந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு எண்ணெய் பீச்சினால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். காயம் சின்னப் புள்ளியாகத் தெரியும், கை போய்விடும். டிராக்டர் வேலையில் பாய் அதைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து எந்த வேலை என்றாலும் "மொத வரிய படிங்க சார்" என்றுதான் ஆரம்பிப்பார்.

வேலை மூன்று மாதம் நடந்தது. ஆபீஸ் முடிந்து சைக்கிளில் பட்டறைக்குப் போய் ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை படிப்பேன். ஊதிப்போன ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் வைத்து, சுற்றி பென்சிலால் கோடு போட்டு, நூலில் உள்ள எண்ணைப் பக்கத்தில் எழுதினேன். பட்டியல் பாரீசில் இருந்த மச்சானுக்குப் போனது. அவன் வாங்கி அனுப்பிய பொட்டலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாமா கப்பலில் கொண்டுவந்திருந்த பச்சை எண்ணெய் டின்கள் கட்டிலடியில் இருந்தன. அதில் ஒரு பங்கை ஊற்றிச் சுற்றவிட்டு, வடித்துக் கொட்டி, மறுபடி ஊற்றி வடித்து, மூன்றாவது முறைதான் நிரப்பினோம். எண்ணெயைக் கொட்டும்போது மாமா அந்தப் பக்கம் வரவில்லை. அவரால் பார்க்க முடியாது.

உருண்டைகளில் வாயு இறங்கிவிட்டிருந்தது. இது யாருடைய குற்றமும் இல்லை. நைட்ரஜன் அந்த ரப்பர் தோல் வழியாக வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கசியும். வாயு போய்விட்டால் வண்டி கட்டைவண்டி மாதிரி குதிக்கும். ஊரில் ஃபிரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் செய்கிறவர்களிடம் நைட்ரஜன் சிலிண்டரும் மீட்டரும் இருக்கும். குழாயைச் சோதிக்க வைத்திருப்பார்கள். பாய் ஒரு லேத் பட்டறையில் உருண்டைக்குப் பொருந்தும் திருகுமூக்கு ஒன்றைக் கடைந்து வாங்கி, நூலில் சொன்ன அளவுக்கு வாயுவை ஏற்றினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா வந்து உட்கார்ந்தார். அந்த வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் தண்டை இடதுபக்கம் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். தள்ளினார். இன்ஜின் ஓடியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்பக்கம் எழுந்தது. எல்லாரும் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதுவும் எழுந்தது. பையன் விசிலடித்தான். மாமா இறங்கி வந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் கை முழுக்க எண்ணெய்.

அன்றைக்குத்தான் நான் பேரேடு தொடங்கினேன். அரசாங்கத்தில் இருபது வருஷம் கோப்பு கட்டியவனுக்கு வேறு என்ன தோன்றும்? நீளமான கணக்கு நோட்டு, ஆறு பத்தி. தேதி, ஓடிய கிலோமீட்டர், எண்ணெய் மட்டம், எழுந்து நிற்க ஆன நேரம், 'டிக்' இடைவெளி, குறிப்பு.

'டிக்' இடைவெளி என்றால் என்ன என்று கேட்பீர்கள். பம்பு அழுத்தத்தை ஏற்றி முடித்ததும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி அதை நிறுத்தும், குறைந்ததும் மறுபடி சேர்க்கும். அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். இன்ஜின் சூடாகி, வண்டி நின்றபடி ஓடும்போது ஒரு டிக்கிலிருந்து அடுத்த டிக் வரை எத்தனை விநாடி என்று கடிகாரம் பார்த்து எண்ண வேண்டும். அரை நிமிஷம் என்றால் நல்ல உடம்பு. நான்கைந்து விநாடிக்கு ஒரு டிக் என்றால் எங்கோ ஒருவன் தப்பி ஓடுகிறான், அல்லது சேமிப்பு உருண்டையில் வாயு இல்லை. எங்கள் வண்டி பட்டறைக்கு வந்தபோது 4 விநாடி, வெளியே போனபோது 35. டாக்டர் நாடி பார்ப்பதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

மாதம் ஒருமுறை எழுதினேன். எண் 30க்குக் கீழே வரும்போதே பாயிடம் சொல்வேன். பத்து வருஷத்தில் வண்டி ஒருமுறை கூட வழியில் நிற்கவில்லை. அவசரத்துக்கு அம்பாசடர் டயர் போட்டு ஓட்டினோம், இரண்டுக்கும் 15 அங்குல ரிம். ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் உள்விளக்குகள் மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் சோம்பல்.

எங்கள் பெரிய எதிரி உப்புக்காற்று. தே.எஸ்.சின் வெளித் தகடுகள் எல்லாம் போல்ட்டு போட்டு மாட்டியவை. பின் மட்கார்டு ஒரே போல்ட்டில் நிற்கும், கழற்றினால்தான் பின்சக்கரத்தையே மாற்ற முடியும். ஆகவே வெளியே பளபளவென்று இருக்கும், பாரம் தாங்கும் உள் எலும்புக்கூடு துருவேறிக்கொண்டிருக்கும். கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டியில் தண்ணீர் வடியத் துவாரங்கள் உண்டு. அவற்றில் மண் அடைத்தால் உள்ளே குளம்தான். மழை முடிந்ததும் பையன் கம்பியால் குத்தி விடுவான், நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுவான்.

1996இல் ஒரு நாள் அத்தை என்னை ஆபீசுக்கே வந்து பார்த்தார்கள். அத்தை அப்படி வெளியே வருகிறவர்கள் அல்ல.

"தம்பி, ஒங்க மாமா இனிமே வண்டி ஓட்டக் கூடாது. எழுபத்தேழு வயசு. நேத்து ஒரு சைக்கிள்காரன் மயிரிழைல தப்பிச்சான். நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ சொன்னா கேப்பாரு."

"என்ன சொல்லணும் அத்தை?"

"வண்டி கெட்டுப் போச்சு, இனிமே செரி பண்ண முடியாதுன்னு சொல்லு. நீயும் பாயும் சேந்து சொல்லிட்டா போதும். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குன்னு சொல்லிடு."

மாமாவின் நன்மைக்காகத்தான் கேட்டார்கள். பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நல்லா இருக்கற வண்டிய கெட்டுப்போச்சுன்னு நான் எப்படி சார் சொல்றது?" என்றார். எனக்கும் அதே சங்கடம். என் கையெழுத்தில் பத்து வருஷம் எழுதிய பேரேட்டில் போன மாதத்து டிக் 33 என்று இருந்தது.

அன்று இரவு பேரேட்டைத் திருப்பிப் பார்த்தேன். குறிப்புப் பத்தியில் சின்ன விஷயங்களையும் எழுதி வைப்பது என் வழக்கம். வலது முன் தகட்டில் கீறல், கேட் தூண். வலது பின் கதவு நசுங்கல், தள்ளுவண்டி. வலது பம்பர். வலது கண்ணாடி. ஏழு மாதத்தில் நான்கு. அதற்கு முன் பத்து வருஷத்தில் ஒன்று கூட இல்லை. இடதுபக்கம் இப்போதும் ஒன்றும் இல்லை. அது இடதுகை ஸ்டியரிங் வண்டி, வலதுபக்கம் ஓட்டுகிறவருக்குத் தூரம்தான். ஆனால் பத்து வருஷமும் அதே தூரம்தானே இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, பாய்க்குப் படித்ததைப் போலவே அவருக்கும் படித்தேன். தேதி, குறிப்பு, அவ்வளவுதான். என் அபிப்பிராயத்தைச் சேர்க்கவில்லை. நான்கும் படித்து முடித்தபின் மாமா கேட்டார்:

"பிரேக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

"ஸ்டியரிங்கு?"

"அதுவும் நல்லா இருக்கு. டிக்கு முப்பத்து மூணு."

வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப தப்பி ஓடறது என்கிட்ட இருந்துதான்" என்றார்.

அடுத்த நாளே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்புரை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். புரையோடு கண்ணழுத்த நோயும் இருந்தது. அந்த நோயில் வலி இருக்காது. ஓரப் பார்வை முதலில் போகும், நேராகப் பார்ப்பது கடைசி வரைக்கும் தெளிவாக இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது. மாமாவுக்கு வலது கண்ணில் பெரும்பகுதி போயிருந்தது. இடது கண் சொட்டு மருந்தில் நின்றது. சாகும் வரைக்கும் அந்த ஒரு கண்ணில் பேப்பர் தலைப்பு படித்தார், பேரப்பிள்ளைகள் முகம் பார்த்தார்.

வண்டி கெட்டுப்போயிற்று என்று நாங்கள் சொல்லியிருந்தால் மாமா ஓட்டுவதை நிறுத்தியிருப்பார். அத்தைக்கும் நிம்மதி. ஆனால் டாக்டரிடம் போயிருக்க மாட்டார். கெடாத இடத்தைக் கெட்டது என்று சொன்னால், கெட்ட இடம் கண்ணுக்குப் படாமலே போய்விடும். காருக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான், நான் முப்பத்தைந்து வருஷம் பார்த்த ஆபீசுக்கும் அதுதான்.

ஒரு வாரம் மாமா யாரிடமும் பேசவில்லை. அதற்குப் பிறகு சாவியைப் பட்டறைப் பையனிடம் கொடுத்தார். பையன் என்கிறேன், அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது, கல்யாணமும் ஆகியிருந்தது. அன்று மாலை கடற்கரைச் சாலையில் அவன் ஓட்ட, மாமா சட்டை மடிப்புக் கலையாமல் பின் சீட்டில் உட்கார்ந்து போனார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி, "ஜெனரலும் பின் சீட்லதாண்டா ஒக்காந்து போனாரு!" என்றார்.

2001இல் மாமா காலமானார். மச்சான் பிரான்சிலேயே தங்கிவிட்டான். வண்டி நான்கு வருஷம் நின்றது. நின்றது என்றாலும் சும்மா நிற்கவில்லை. பையன் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து ஸ்டார்ட் செய்து, எழுப்பி, இறக்கி, தெருவைச் சுற்றி வருவான். நிறுத்தி வைத்தால் கெடாது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எண்ணெய் ஓடாத ரப்பர்தான் முதலில் காய்ந்து வெடிக்கும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சிலர் அவ்வப்போது என்னைக் கேட்பார்கள். எந்த வண்டியாக இருந்தாலும் நான் சொல்வது நான்கே விஷயம். அந்த வண்டிக்கு எந்த எண்ணெய் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தொட்டி மூடியில் கட்டித் தொங்கவிடுங்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஊற்ற வருகிறவன் படிக்க வேண்டும் அல்லவா? சாயத்தைப் பார்த்து மயங்காமல் அடியில் குனிந்து பாருங்கள். நன்றாக இருக்கும்போதே அதன் எண்களைக் குறித்து வையுங்கள், நோயில் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். நூல் இருந்தால் முதல் வரியிலிருந்து படியுங்கள்.

2005இல் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்களைச் சீர்செய்து வைத்துக்கொள்கிறவர். வெளித் தகட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். அப்போதே பாய் என் காதில், "இவருக்குக் குடுக்கலாம் சார்" என்றார். அத்தை சாவியைக் கொடுத்தார்கள். நான் நூலையும், பாய்க்காகத் தமிழில் எழுதி வைத்திருந்த பக்கங்களையும், பேரேட்டையும் கொடுத்தேன். பேரேட்டைக் கொடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

பாயும் இப்போது இல்லை. பட்டறையைப் பையன்தான் நடத்துகிறான், அவனுக்கே தலை நரைத்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலை ஒட்டிப் போன் செய்வார். நலம் விசாரிப்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார். இந்த வருஷம் 28 விநாடி. கொஞ்சம் குறைவுதான், ஒரு உருண்டைக்கு வாயு ஏற்ற வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாராம்.